அம்மாயியின் கருப்புக் கோழி

போன சனிக்கிழமை எங்கள் வாசிகசாலையில் தரம் 11 பிள்ளைகளோடு இலக்கிய நயம் பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். மழை விடாமல் அடித்தது, தகரத்தில் விழுந்த சத்தத்தில் பாதி நேரம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. முன் வாங்கில் இருந்த பிள்ளை கொப்பியை நீட்டி, "டீச்சர், குறியீடுன்னா என்னான்னு எனக்குப் பாடம். ஆனா இந்தக் கதையில அது எங்க இருக்குன்னுதான் தெரியல" என்றாள்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். உவமை, உருவகம், படிமம், குறியீடு, முரண், நோக்குநிலை, நனவோடை என்று ஒரு பெரிய பட்டியல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், சிவப்புப் பேனையால் அடிக்கோடு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நானும் அந்த வயதில் அப்படித்தான் பாடமாக்கினேன். ஒரு கதையைக் கையில் எடுத்து, இதோ இந்த இடத்தில் இருக்கிறது பார் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. அதனால் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் அம்மாயியின் கதையைச் சொன்னேன். அன்றைக்கு வகுப்பில் பேசியதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், கதை எழுத ஆசைப்படும் வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

அம்மாயி என் அம்மாவின் அம்மா. அவருக்கு ஓர் அக்கா. இரண்டு பேரும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் குடித்தனம் நடத்தியவர்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, காம்பரா அதில் ஒரு குடும்பத்தின் அறை, இஸ்தோப்பு அதன் முன்திண்ணை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாமல் இருந்த எங்கள் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மிச்சம் இருந்த 150,000 பேரை அப்போது தள்ளி வைத்துவிட்டு, 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அக்கா வீட்டில் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார்கள், அம்மாயி வீட்டில் இங்கேயே இருப்பதாக எழுதிப் போட்டார்கள். எழுபதுகளில் அக்கா குடும்பத்துக்குப் பாஸ்போட் வந்தது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம்.

இந்தக் கதையை அம்மாயி எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட "நான் அழுதேன்" என்றோ "மனசு தாங்கல" என்றோ அவர் வாயில் வந்ததில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அக்கா போறப்ப அந்தக் கருப்புக் கோழிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போச்சு. நானும் எங்க கூட்டுல அடைச்சேன். மறுநாத் தொறந்து விட்டா பகலெல்லாம் எங்க வாசல்லதான் மேயும். பொழுது சாஞ்சா நேரா அக்கா காம்பராவுக்குப் போயிரும். இஸ்தோப்புல ஏறி, சாத்துன கதவப் பாத்துக்கிட்டு நிக்கும். நான் போய்த் தூக்கிட்டு வந்து அடைப்பேன். மறுநாளும் போவும். புதுசா ஆளு குடி வர்ற வரைக்கும் அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விடுவார்.

பிள்ளைகள் சத்தமே இல்லாமல் கேட்டார்கள். பிறகு அதே பிள்ளை மெதுவாக, "கோழிதான் டீச்சர், குறியீடு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "கோழி தேடுறது கோழியோட வீட்ட இல்ல, அம்மாயியோட அக்காவ" என்றாள். அவளுடைய கொப்பியில் இருந்த இரண்டு வரியை விட இது எவ்வளவோ மேல்.

படிமத்தையும் குறியீட்டையும் பிள்ளைகள் எப்போதும் குழப்பிக்கொள்கிறார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு கருப்புக் கோழி நிற்பது நம் கண்ணுக்குத் தெரிகிறதே, அது படிமம். ஒரு சொல்லால் புலனுக்குள் ஏற்றிவிடும் காட்சி, வாசனை, சத்தம் எல்லாமே படிமம்தான். அந்தக் காட்சி தன்னைவிடப் பெரிய ஒன்றைச் சுமக்க ஆரம்பிக்கும்போது குறியீடாகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் பிள்ளைகளைக் கவனிக்கச் சொன்னேன். கோழி ஒரே ஒரு நாள் போயிருந்தால் அது வெறும் சம்பவம், பழக்கதோஷத்தில் போயிருக்கும் என்று விட்டுவிடுவோம். தினமும் பொழுது சாய்ந்ததும் போனது, அம்மாயி தினமும் போய்த் தூக்கி வந்தார். அந்தத் திரும்பத் திரும்ப வருதல்தான் அதற்குக் கனம் கொடுக்கிறது. இன்னொன்று, "அந்தக் கோழியைப் போலவே நானும் தவித்தேன்" என்று அம்மாயி சொல்லியிருந்தால் அது உவமையாகிவிடும். தப்பில்லை, ஆனால் அளவு சுருங்கிவிடும். இன்னது இதைப் போல என்று கணக்கு முடிந்துவிடும், கேட்பவர் கண்டுபிடிக்க ஒன்றுமே மிஞ்சாது.

இதை எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே நம் ஆட்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பான விஷயம். தொல்காப்பியத்தில் உள்ளுறை உவமம் என்று ஒன்று வரும். ஒரு நிலத்தின் கருப்பொருளை, அதாவது அங்குள்ள பறவை, விலங்கு, மரம், தொழில் இவற்றைச் சொல்வதுபோல் சொல்லி, மனிதர் மனதில் உள்ளதை அதற்குள் வைத்துவிடுவது. கருப்பொருளில் தெய்வத்தை மட்டும் இதற்கு எடுக்கக் கூடாது என்று ஒரு விதிகூட உண்டு. கோழி எங்கள் லயத்துக் கருப்பொருள். எழுத்து வாசனையே இல்லாத அம்மாயி அதை எடுத்து அக்காவின் பிரிவை உள்ளே வைத்தார். போல, அன்ன, நிகர்த்த என்ற உவம உருபு எதுவும் இல்லை, ஒப்பிட்ட பொருளும் வெளியே தெரியவில்லை, கேட்பவர்தான் உள்ளே போய் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பரீட்சை எழுதும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கருப்பொருள் என்ற சொல்லை இன்றைக்கு இரண்டு அர்த்தத்தில் பாவிக்கிறோம். சிறுகதை விமர்சனத்தில் "இக்கதையின் கருப்பொருள் யாது" என்று கேட்டால், கதை எதைப் பற்றியது, அதன் அடிநாதம் என்ன என்று அர்த்தம். திணை இலக்கணத்தில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று போகும் வேறு சமாசாரம். அங்கே நிலமும் பொழுதும் முதற்பொருள், மனித மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். நாம் இப்போது கதையின் கருப்பொருள் என்று சொல்வதற்குப் பழைய முறையில் கிட்ட வருவது உரிப்பொருள்தான். இரண்டு கொப்பியில் இரண்டு பாடமாகப் படித்துவிட்டு ஒரே பதிலில் கலந்து எழுதிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உரிப்பொருள் என்றதும் வகுப்பில் பேச்சு வேறு பக்கம் போனது. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல், பாலைக்குப் பிரிதல் என்று எல்லோருக்கும் பாடம். அப்படியானால் நம் மலைக்கு என்ன உரிப்பொருள் என்று கேட்டேன். மலையும் மலை சார்ந்த இடமும்தான், பனி இருக்கிறது, அருவி இருக்கிறது, நூலில் உள்ளபடி குறிஞ்சியேதான். ஆனால் இங்கே நடந்தது முழுக்கப் பிரிவு. கடல் தாண்டி வந்தபோது ஒரு பிரிவு, ஒப்பந்தத்தில் போனபோது ஒரு பிரிவு, இப்போது அம்மாக்கள் வெளிநாட்டு வேலைக்கும் அண்ணன்மார் கொழும்புக் கடைகளுக்கும் போவது இன்னொரு பிரிவு. குறிஞ்சி நிலத்தில் பாலையின் ஒழுக்கம். உரைகாரர்கள் திணைமயக்கம் என்று எழுதுவதை என் பிள்ளைகள் அன்றைக்குத் தங்கள் வீட்டிலிருந்தே புரிந்துகொண்டார்கள்.

சரி, உவமைக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் போல வரும். மலை போல் துன்பம், கடல் போல் அன்பு, இமை போல் காத்தாள். மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மலை துன்பமாகவா தெரிகிறது? அது காலையில் கண் விழித்ததும் எதிரில் நிற்கும் இடம், அம்மா வேலை செய்யும் இடம். "மலைக்குப் போயிட்டாங்க" என்றால் இங்கே வேலைக்குப் போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். கேட்ட உவமையை எழுதாதே, பார்த்ததை எழுது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு பையன் தாத்தாவின் கையைப் பற்றி "கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடி மாதிரி" என்று எழுதி வந்தான். கவ்வாத்து முடிந்த மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலை ஒன்றுகூட இல்லாமல் முடிச்சு முடிச்சாகக் குச்சி மட்டும் நிற்கும். அந்த ஒரு வரிக்காக அவனை எழுந்து நிற்கச் சொல்லி வகுப்பையே கை தட்ட வைத்தேன்.

உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல் வரிசையைப் பாருங்கள். மலரடி என்றால் மலர் போன்ற அடி, உவமை. அடிமலர் என்றால் அடியாகிய மலர், உருவகம். ஒப்பிடுவதோடு நிற்காமல் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவதுதான் உருவகம். தண்டியலங்காரம் பொருளணிகளை 35ஆக வகுத்திருக்கிறது, அத்தனையும் பாடமாக்க வேண்டியதில்லை, ஆனால் தற்குறிப்பேற்றத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், கதை எழுதுபவருக்கு அது அவ்வளவு உதவும். இயல்பாக நடக்கும் ஒன்றுக்கு எழுதுபவர் தன் மனதிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது. "பனி லயத்தின் மேல் படுத்திருந்தது" என்றால் பனிக்கு உயிர் கொடுத்திருக்கிறோம், அவ்வளவே. "வெளியூர்க்காரர் கண்ணில் எங்கள் ஒழுகும் கூரை படக் கூடாதென்று பனி வந்து மூடியது" என்றால் காரணத்தை ஏற்றிவிட்டோம், இது தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் மேல் கொடிகள் காற்றில் அசைவதை, வராதீர்கள் என்று கை காட்டி மறிப்பதுபோல் இளங்கோ சொல்வார். கொடி காற்றுக்குத்தான் ஆடுகிறது. ஆனால் அந்த ஒரு காட்சி இரண்டு வேலை செய்கிறது. அணியாகவும் இருக்கிறது, வரப்போகும் கேட்டை முன்கூட்டியே நம் காதில் போட்டும் வைக்கிறது. பின்னால் நடக்கப்போவதற்கு இப்படி முன்னாலேயே ஒரு சிறு அடையாளம் வைப்பதைத்தான் முன்னுணர்த்தல் என்கிறோம்.

கோவலனுக்கு அந்தக் கொடி சொல்வது தெரியாது, நமக்குத் தெரியும். கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பது நாடக முரண். இதை விளக்க எனக்குக் காமன் கூத்தை விட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. மாசி மாதம் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து காமன் எரியத்தான் போகிறான் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஈசனின் தவத்தைக் கலைக்க அவன் கிளம்புகிறான், ரதி போக வேண்டாம் என்று தடுக்கிறாள். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டுபவர் நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், பகலில் மலையில் மருந்தடிப்பவர். அவர் காமனின் கையைப் பிடித்துக்கொண்டு பாடும்போது, இரவு இரண்டு மணி குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் கண்ணைத் துடைப்பார்கள். முடிவு தெரிந்த கதை, வருடா வருடம் பார்த்த கதை. பிறகு எதற்குக் கண்ணீர்? முடிவு தெரிந்ததால்தான் கண்ணீர். போகாதே என்று நாமும் சொல்ல நினைக்கிறோம், நம் குரல் அவனுக்குக் கேட்காது. கதை என்றால் கடைசி வரை முடிவை ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளை நான் அந்தக் கூத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் இதே கதையை வைத்து லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடிய வாதம். எரிந்த கட்சி எரியாத கட்சி என்ற பேச்சே அங்கிருந்து வந்ததுதான். இதைப் பிறகு சொல்கிறேன், எனக்குத் தேவைப்படும்.

யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும். கதை உத்திகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நோக்குநிலை என்பதும் அதுதான். நான் என்று தன்மையில் சொன்னால் அந்த ஆள் கண்டது மட்டும், படர்க்கையில் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னால் அவர் அறிந்தது மட்டும், எல்லாம் அறிந்த கதைசொல்லி என்றால் எல்லோர் மனதுக்குள்ளும் போகலாம். ஒரு பிள்ளை குளவி கொட்டி இறந்துபோகும் தாயைப் பற்றிக் கதை எழுதியிருந்தாள். முதல் வரியிலேயே அம்மா இறந்துவிட்டாள், பிறகு நாலு பக்கம் அழுகை. அவளை உட்கார வைத்துக் கேட்டேன், அந்த நேரம் தம்பி எங்கே இருப்பான்? பிள்ளை மடுவத்தில் என்றாள், அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அப்போது மடுவத்தில் என்ன நடக்கும்? அவளே யோசித்து யோசித்துச் சொன்னாள். பகல் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஒவ்வொரு அம்மாவாக வந்து பிள்ளையைத் தூக்குவார்கள். அன்றைக்குக் கூடை இல்லாமல் ஒரு பெண் ஓடி வருவாள், ஆயம்மாவின் காதில் ஏதோ சொல்வாள். ஆயம்மா தம்பிக்கு மட்டும் இரண்டாவது பிஸ்கட் கொடுப்பார். அவனுக்கு சந்தோஷம், அதைப் பாதியாக உடைத்து ஒரு பாதியை அம்மாவுக்கென்று சட்டைப் பைக்குள் வைப்பான்.

இதைச் சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. நானும் பேசாமல் இருந்தேன். மறுபடி எழுதி வந்த கதையில் இறந்தாள் என்ற சொல்லே இல்லை.

மற்றதையெல்லாம் வேகமாகத்தான் பார்த்தோம். நனவோடை, மனதில் ஓடுவதை ஓடியபடியே எழுதுவது, ஆரம்பத்தில் எழுதிப் பார்க்கலாம், ஆனால் கதை கையை விட்டுப் போய்விடும். பின்னோக்கு உத்தி, நிகழ்காலத்திலிருந்து பழைய காலத்துக்குப் போய்த் திரும்புவது, எங்கள் பிள்ளைகள் சினிமா பார்த்தே அதைப் பழகிவிட்டார்கள். ஆகுபெயருக்கு மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம், காரணம் தோட்டத்துப் பேச்சே ஆகுபெயரில் ஓடுகிறது. "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்றால் ஒரு நாள் சம்பளம் பதிவானதா என்று அர்த்தம். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், எழுதும் பெயர் ஒரு மனுஷியின் முழு நாள் உழைப்புக்கு ஆகி வருகிறது. அவளுடைய பெயரையே பாதியாக வெட்டும் சொல் அது என்று ஒரு பையன் சொன்னான். நான் அதை அதுவரை யோசித்ததில்லை.

கடைசியாக, கதைசொல்லியை நம்பலாமா என்ற விஷயம். இதற்கும் அந்தக் கோழிதான்.

அம்மாயியின் அக்கா மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தவர். இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது, பிறகு அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது, அதில் கொழுந்தெடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். இரண்டு சகோதரிகளும் இப்போது இல்லை, பிரிந்த பிறகு நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. போன வருடம் அக்காவின் மகள், எனக்குச் சித்தி முறை, கோத்தகிரியிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசினார். பழைய கதை பேசும்போது நான் கோழியைப் பற்றிச் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தக் கோழியவா? அம்மா எங்ககிட்ட அப்பிடிச் சொல்லலியே. கெளம்புறதுக்கு முந்தின ராத்திரி அந்தக் கோழிய அடிச்சுத்தான் எல்லாரும் ஒண்ணா சாப்பிட்டோம்னு சொல்லும். கொழம்பு வச்சது ஒங்க அம்மாயிதானாம். மிச்சத்த சோத்தோட கட்டிக் குடுத்து, தலைமன்னார்ல கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அதத்தான் சாப்பிட்டாங்களாம். தங்கச்சி கையால சாப்பிட்ட கடைசிச் சோறுன்னு சொல்லும்."

இதையும் அப்படியே வகுப்பில் சொன்னேன். நம்பத்தகாத கதைசொல்லி என்றால் பொய் சொல்பவர் என்று எழுதி வைத்திருந்த பிள்ளை பேனையை எடுத்து அதை வெட்டினாள். ஆனால் வேறு என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோழி கதவுக்கு முன்னால் நின்றது, அம்மாயி கண்ணால் பார்த்தவர் என்று ஒரு பக்கம். இல்லை, கோழி அடுப்பில் ஏறியது, அம்மாயிக்குத் தன் கையால் அடித்ததைச் சொல்ல மனசு வராமல் அதை உயிரோடு வைத்துவிட்டார் என்று இன்னொரு பக்கம். வீட்டில் இரண்டு கோழி இருந்திருக்கும் என்று ஒரு பையன் சொல்ல, இரண்டு கட்சியும் சேர்ந்து அவனைப் பேசவிடவில்லை. எரிந்த கட்சி எரியாத கட்சி என்று நான் கரும்பலகையில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டேன். ஐந்தரை பஸ் கீழே ஹோன் அடித்தது. பொகவந்தலாவைக்குப் போகிற பிள்ளைகள் குடையை விரித்துக்கொண்டு ஓடினார்கள், படியில் இறங்கும்போதும் வாதம் நிற்கவில்லை, மழைச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்டது.